நேர்முகத் தேர்வில் உடல் என்ன சொல்கிறது?

கேள்வி இதுதான். எழுத்துத் தேர்விலும் தொழில்நுட்பச் சுற்றிலும் நல்ல மதிப்பெண் பெற்ற ஒருவர், கடைசிச் சுற்றான நேர்முகத் தேர்வில் தொடர்ந்து மூன்று இடங்களில் கழிக்கப்பட்டிருக்கிறார். இரண்டு இடங்களில் காரணமே சொல்லவில்லை. மூன்றாவது இடத்திலிருந்து, "உங்கள் மனப்பான்மை எங்கள் குழுவுக்குப் பொருந்தவில்லை" என்று ஒற்றை வரியில் மின்னஞ்சல் வந்திருக்கிறது. "நிமிர்ந்து உட்கார்ந்தேன், கண்ணைப் பார்த்துத்தான் பேசினேன், முகத்தில் புன்னகை மாறவில்லை, இதற்கு மேல் என்ன செய்வது, உடல்மொழி உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?" என்று கேட்கிறார்.

முக்கியம்தான். ஆனால் அதைப் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரப்படுவதில் பெரும்பகுதி தலைகீழானது. தேர்வுக் குழுக்களில் பல ஆண்டுகள் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு: விண்ணப்பதாரரின் கவனம் எங்கே இருக்கிறதோ, அதன் நிழலாகவே அவருடைய உடல் நடந்துகொள்கிறது. "நான் எப்படித் தெரிகிறேன்" என்பதிலேயே கவனம் நின்றுவிட்டால் எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்தாலும் அந்த நிமிர்வில் ஒரு விறைப்பு வந்துவிடுகிறது. கேட்கப்பட்ட கேள்வியிலும் கேட்டவரிலும் கவனம் நின்றால், கொஞ்சம் கூனி உட்கார்ந்திருப்பவரும் நம்பிக்கைக்குரியவராகத் தெரிகிறார். தேர்வாளர்கள் மனப்பான்மை என்ற பெயரில் குறித்துக்கொள்வதும் பெரும்பாலும் இந்தக் கவனத்தின் திசையையே.

முதலில் ஒரு தவறான எண்ணை அகற்றிவிடலாம். நாம் சொல்ல வருவதில் சொற்களுக்கு 7 சதவீதமும் குரலுக்கு 38 சதவீதமும் உடல்மொழிக்கு 55 சதவீதமும் பங்கு உண்டு என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். இந்த எண்கள், உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஒற்றைச் சொற்களைப் பல்வேறு குரல் தொனிகளில் பதிவு செய்தும், முகங்களின் ஒளிப்படங்களோடு சேர்த்துக் காட்டியும், பேசுபவருக்கு எதிரில் இருப்பவர்மேல் விருப்பமா வெறுப்பா என்று கேட்பவர்களை ஊகிக்கச் சொன்ன ஆய்வுகள் அவை. உணர்ச்சியையோ விருப்புவெறுப்பையோ வெளிப்படுத்தும் பேச்சைத் தவிர வேறெதற்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று மெஹ்ராபியனே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஒரு தரவுத்தளம் ஏன் முடங்கியது, அதை எப்படி மீட்டீர்கள் என்று விளக்கும்போது உங்கள் சொற்கள் 7 சதவீதம்தான் என்றால், அந்தப் பதிலை உங்களுக்குத் தெரியாத மொழியில் சொல்லியும் வேலை வாங்கியிருக்கலாம் அல்லவா?

அதற்காக முதல் தோற்றம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. நளினி அம்பாடியும் ராபர்ட் ரோசென்தாலும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் பாடம் நடத்தும் காட்சிகளிலிருந்து 10 வினாடித் துண்டுகள் மூன்றை ஒலியில்லாமல் முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டினார்கள். அவர்கள் கொடுத்த மதிப்பீடு, பருவம் முழுவதும் அந்த ஆசிரியரிடம் படித்த மாணவர்களின் மதிப்பீட்டோடு வியக்கத்தக்க அளவில் ஒத்துப்போயிற்று. இதை மேற்கோள் காட்டுபவர்கள் ஒரு நுணுக்கத்தை விட்டுவிடுகிறார்கள். ஒரு தோற்றம் இன்னொரு தோற்றத்தோடு ஒத்துப்போயிற்று என்பதைத்தான் அது காட்டுகிறது. மாணவர்கள் எவ்வளவு கற்றார்கள் என்பதை அந்தப் பருவ இறுதி மதிப்பீடு அளக்கவில்லை. வேலைத் தேர்விலும் இதே நிலைதான். முறையான கேள்விகள் தொடங்குவதற்கு முன் நடக்கும் சில நிமிட உபசார உரையாடலில் ஏற்படும் எண்ணம் கடைசி மதிப்பெண்ணோடு தொடர்புடையதாக இருப்பதை 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 98 மாணவர்களை வைத்து நடத்தப்பட்ட மாதிரி நேர்காணல்களில் உறுதியான கைகுலுக்கலுக்கும் பரிந்துரைக்கும் தொடர்பு இருந்ததாக 2008இல் வெளியான ஆய்வு சொல்கிறது. தேர்வாளரும் மனிதர்தான், முதல் ஐந்து நிமிடத்தில் ஒன்றை நினைத்துவிட்டால் மீதி நேரத்தில் அதற்குச் சான்று தேடுகிறார்.

ஆனால் எல்லா நேர்காணலும் ஒரே வகை இல்லை என்பது இங்கே மிக முக்கியம். 2009இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பது), தோற்றம், தன்னை நல்லவிதமாகக் காட்டிக்கொள்ளும் முயற்சி, உடல்மொழி ஆகியவற்றுக்கும் நேர்காணல் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பைப் பார்த்தது. நேர்காணல் மதிப்பெண்ணோடு அவற்றுக்கு இருந்த தொடர்பு, பின்னர் வேலையில் காட்டிய திறமையோடு இருந்த தொடர்பைவிட மிகக் கூடுதல். நேர்காணல் எவ்வளவு கட்டமைப்புடன் நடத்தப்படுகிறதோ அந்த அளவுக்கு இந்தச் செல்வாக்கு குறைந்தது. எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒவ்வொரு பதிலுக்கும் உடனுக்குடன் மதிப்பெண், எது நல்ல பதில் என்பதற்கு முன்னரே எழுதிவைத்த அளவுகோல் என்று நடக்கும் தேர்வில் உங்கள் புன்னகைக்குப் பெரிய இடம் இல்லை. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்துப் பேச்சு போகும் திசையில் போகும் தேர்வில் அதற்கு இடம் அதிகம். எந்த வகைத் தேர்வு, எத்தனை பேர் கொண்ட குழு, எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே மனிதவளத் துறையிடம் கேட்பதில் தவறேதும் இல்லை, பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

இனிப் பதற்றம். கை நடுங்குகிறது, கால் ஆடுகிறது, மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருக்கிறேன் என்றுதான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமண்டா ஃபைலரும் டெபோரா பவலும் 125 மாணவர்களை மாதிரி நேர்காணலில் உட்காரவைத்துப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வைப் பலருக்கும் நான் பரிந்துரைப்பதுண்டு. இந்தச் சின்னச் சின்ன அசைவுகள் மதிப்பெண்ணை அவ்வளவாகக் குறைக்கவில்லை. பதற்றமானவர்கள் மெதுவாகப் பேசினார்கள். பார்ப்பவர்களுக்கு அவர்கள் ஒட்டாதவர்களாகவும் தயங்குபவர்களாகவும் பட்டார்கள். மதிப்பெண்ணைக் குறைத்தது இதுதான். காலாட்டலை அடக்குவதற்கு மனதின் பாதியைச் செலவழிக்கும் விண்ணப்பதாரர் மீதிப் பாதியில் பதிலை உருவாக்கும்போது பேச்சு இழுபடுகிறது, முகம் உறைகிறது, எதிரில் இருப்பவர் பேசும்போது தலையசைக்கக்கூட மறந்துவிடுகிறார். கால் ஆடட்டும் என்று விட்டுவிடுங்கள். மேசைக்குக் கீழே நடப்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்று கேட்டே வளர்ந்ததால், உள்ளே அடிக்கும் படபடப்பு முழுவதும் வெளியே தெரிந்துவிடுகிறது என்று நம்பிவிடுகிறோம். நாம் நினைக்கும் அளவுக்கு அது தெரிவதில்லை. கென்னத் சாவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மேடைப் பேச்சுக்கு முன், "உங்கள் பதற்றம் நீங்கள் எண்ணுவதுபோல் பார்ப்பவர்களுக்குத் தெரியாது" என்ற விவரத்தை விளக்கிச் சொன்னதே பேச்சாளர்களின் பேச்சை மேம்படுத்தியது. படபடப்பை அடக்கி அமைதியாக முயல்வதைவிட, "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று அதே படபடப்புக்கு வேறு பெயர் சூட்டிக்கொண்டவர்கள் பேச்சிலும் பாட்டிலும் கணக்கிலும் மேலாகச் செய்ததை அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் காட்டினார். இதயத் துடிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். எந்தப் பெயரில் அதை அழைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

கண்ணைப் பார்த்துத்தான் பேசினேன் என்று கேள்வியாளர் சொல்வதில் எனக்கு ஒரு சிறு ஐயம். ஒருவேளை அளவுக்கு மீறிப் பார்த்திருக்கலாம். லண்டனில் உள்ள அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த ஏறத்தாழ 500 பேருக்கு, தங்களை நேராகப் பார்க்கும் முகங்களின் பதிவுகளைக் காட்டி, எவ்வளவு நேரம்வரை அந்தப் பார்வை சங்கடமில்லாமல் இருக்கிறது என்று கேட்டார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில் கிடைத்த சராசரி 3.3 வினாடி. அதற்கு மேல் விலகாத பார்வை முறைப்பாக மாறத் தொடங்குகிறது. இன்னொன்று: கடினமான கேள்வி வந்தால் கண் தானாகவே வேறு பக்கம் திரும்பும். இது குற்றவுணர்ச்சியின் அடையாளம் என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. எதிரில் உள்ள முகம் மூளைக்கு நிறைய வேலை வைப்பதால் அதைத் தவிர்த்துவிட்டு யோசிப்பது மனித இயல்பு. அப்படிப் பார்வையை விலக்கும்போது நினைவுகூர்வது மேம்படுகிறது என்பதை 1998இல் ஆர்தர் கிளென்பெர்க் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். ஆகவே கேள்வியைக் கேட்கும்போது கேட்பவரைப் பாருங்கள், யோசிக்கும்போது கண் போகும் இடத்துக்குப் போகட்டும், பதிலைத் தொடங்கும்போது திரும்பி வாருங்கள். பார்வையை ஒட்டவைத்துக்கொண்டே யோசிக்க முயல்பவர்களின் பதில்தான் நடுவில் உடைகிறது.

மௌனத்தைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விண்ணப்பதாரர்கள் அதிகம் தோற்பது இங்கேதான். பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் கேள்வி கேட்டு முடிப்பதற்கும் அடுத்தவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையே உள்ள இடைவெளி சராசரியாக 0.2 வினாடிதான் என்று தெரிந்தது. அன்றாடப் பேச்சில் பழகிய இந்த வேகத்தால் நேர்காணலில் இரண்டு வினாடி மௌனம்கூட மலைபோல் தோன்றுகிறது. உடனே ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று வாயைத் திறந்து, வாக்கியத்தின் பாதியில் பதிலைத் தேடத் தொடங்குகிறார்கள். நான் பார்த்தவரை, "ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்" என்று அறிவித்துவிட்டு எடுத்துக்கொள்ளும் ஐந்து வினாடி மௌனத்துக்கு எந்தத் தேர்வாளரும் மதிப்பெண்ணைக் குறைத்ததில்லை. அறிவிக்காத மௌனம்தான் சங்கடத்தைத் தருகிறது. அறிவித்த மௌனம் சிந்தனையாகத் தெரிகிறது. எதிர்த்திசையிலும் இது பொருந்தும். பதிலை முடித்த பின் குழுவினர் எழுதிக்கொண்டிருக்கும் அமைதியில், போதவில்லைபோலும் என்று பயந்து மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே போய் நன்றாக இருந்த பதிலைக் கெடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். முடிந்தால் நிறுத்துங்கள். எழுதும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதும் ஒரு திறமைதான்.

தோரணையைப் பற்றி ஒரு கதை உண்டு. கைகால்களை அகல விரித்து வைத்து இரண்டு நிமிடம் இருந்தால் உடலின் ஹார்மோன்களே மாறித் துணிவு வந்துவிடும் என்று 42 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்து உலகம் முழுவதும் பரவியது. 2015இல் 200 பேரை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றமும் இல்லை, துணிந்து செயல்படுவதும் கூடவில்லை. துணிவாக உணர்ந்ததாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். முதல் ஆய்வின் முதன்மை ஆசிரியரான டானா கார்னி, அந்த விளைவு உண்மை என்று தான் இனி நம்பவில்லை என 2016இல் வெளிப்படையாகவே அறிவித்தார். கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அப்படி நிற்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை. அந்த இரண்டு நிமிடத்தில் சொல்லப்போகும் முதல் பதிலை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் பயன் கூடுதல் என்பது என் கருத்து. நாற்காலியில் முதுகு சாய்ந்தோ சாயாமலோ உங்களுக்கு மூச்சு எளிதாக வரும் நிலையே சரியான நிலை. கைகளைப் பேச்சோடு அசைய விடுங்கள்; அடக்கிக் கட்டிவைத்தால் குரலும் தட்டையாகிவிடும். உடை சுத்தமாகவும் உடுத்தியிருப்பது நினைவுக்கு வராத அளவுக்குப் பழகியதாகவும் இருந்தால் போதும்.

"முகத்தில் புன்னகை மாறவில்லை" என்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. வணக்கம் சொல்லும்போதும் விடைபெறும்போதும் புன்னகை இயல்பு. உங்கள் திட்டம் தோற்றதை விவரிக்கும்போதும் அதே புன்னகை மாறாமல் இருந்தால், சொல்லும் பொருளுக்கும் முகத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. கேட்பவர் அதை நடிப்பு என்று தெளிவாக உணராவிட்டாலும் ஏதோ இடறுகிறது என்று உணர்வார். உடல்மொழியில் நான் ஒன்றே ஒன்றைப் பார்க்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: சொற்களும் முகமும் ஒரே பொருளைப் பேசுகின்றனவா என்று.

இப்போது மனப்பான்மைக்கு வருகிறேன். உட்காரும் விதத்தைவிட இது தெளிவாக வெளிப்படும் இடங்கள் சில உண்டு. முதலாவது, தெரியாத கேள்வி. ஒருவர், "அந்தப் பகுதியை வேறு குழு பார்த்தது, எனக்குத் தெரியாது" என்று முடித்துக்கொள்கிறார். இன்னொருவர், "அந்தப் பகுதியை நான் நேரடியாகச் செய்யவில்லை, ஆனால் எங்கள் பக்கத்தில் கண்ட அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் காரணம் இதுவாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன், உறுதி செய்ய வேண்டுமானால் முதலில் இந்தப் பதிவுகளைப் பார்ப்பேன்" என்கிறார். இருவருக்கும் விடை தெரியாது. ஆனால் இரண்டாமவர் பேசும்போது உடல் தானாக முன்னே சாய்ந்திருக்கும், கைகள் எதையோ வரைந்து காட்டும். அந்தச் சாய்வை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

இரண்டாவது, மறுக்கப்படும்போது. அனுபவமுள்ள தேர்வாளர்கள் வேண்டுமென்றே ஒரு சரியான பதிலையும் "அப்படியா, எனக்கு அது சரியாகத் தோன்றவில்லையே" என்று ஒருமுறை தட்டிப் பார்ப்பார்கள். தலைக்கனம் உள்ளவர் அந்த நொடியில் தாடையை இறுக்கிக்கொண்டு சொன்னதையே உரத்துச் சொல்வார். குழைபவர் உடனே, "ஆமாம், நீங்கள் சொல்வதுதான் சரி" என்று தன் சரியான பதிலைக் கைவிடுவார். தன்னம்பிக்கை உள்ளவர், எந்த இடத்தில் வேறுபாடு என்று கேட்டுவிட்டுத் தன் காரணத்தை விளக்குவார், அல்லது தவறு தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்திக்கொள்வார். பணிவையும் குழைவையும் ஒன்றாக நினைத்துக் குழைபவர்கள் நிறையப் பேர். அது மரியாதையாக எடுத்துக்கொள்ளப்படும் என்று அவர்கள் நம்புவது பரிதாபம்.

மூன்றாவது இடத்தைப் பலரும் கவனிப்பதே இல்லை. குழுவில் இளையவர் ஒருவர் கேள்வி கேட்கிறார்; விண்ணப்பதாரர் அவரைப் பார்க்காமல், நடுவில் உட்கார்ந்திருக்கும் மூத்தவரைப் பார்த்தே பதிலைச் சொல்கிறார். முடிவு மூத்தவர் கையில் என்று கணக்குப் போட்டுவிட்டார் என்பது பளிச்சென்று தெரிகிறது. நாளை அருகருகே உட்கார்ந்து வேலை செய்யப்போவது அந்த இளையவரோடுதான்; விண்ணப்பதாரர் வெளியே போனதும் குழுவில் முதலில் கருத்துக் கேட்கப்படுவதும் பல நேரங்களில் அவரிடம்தான். இந்த ஒரே காரணத்தால் நல்ல தகுதியுள்ளவர்கள் கழிக்கப்பட்டதை நானே பார்த்திருக்கிறேன். பதிலை, கேட்டவரிடம் தொடங்கி, மற்றவர்களையும் பார்வையில் சேர்த்துக்கொண்டு, மீண்டும் கேட்டவரிடமே முடிப்பது நல்லது.

பழைய மேலாளரைப் பற்றிப் பேசும்போது என்ன ஆகிறது என்பது பலமுறை சொல்லப்பட்ட விஷயம், சுருக்கமாகவே சொல்கிறேன். குறை சொல்லவே கூடாது என்பதில்லை. "முடிவுகள் தாமதமாயின, அதனால் நான் இப்படி வேலையை மாற்றி அமைத்துக்கொண்டேன்" என்பது தகவல். "அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது" என்பதைக் கேட்டதும், அடுத்த ஆண்டு எங்களைப் பற்றியும் இதையே வேறொரு மேசையில் சொல்வார் என்ற எண்ணம் வராமல் இராது.

இதுவரை விண்ணப்பதாரரை மட்டும் பேசினேன். உடல்மொழி இரண்டு பக்கமும் ஓடும் ஒன்று. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்து 1974இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளையரான தேர்வாளர்கள் கறுப்பின விண்ணப்பதாரர்களிடம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்ததும், பேச்சில் அதிகம் தடுமாறியதும், நேர்காணலைச் சீக்கிரம் முடித்துக்கொண்டதும் தெரியவந்தது. ஆய்வாளர்களான வேர்ட், ஜன்னா, கூப்பர் மூவரும் அதோடு நிற்கவில்லை. அதே ஒதுக்கமான உடல்மொழியைத் தேர்வாளர்களுக்குப் பயிற்றுவித்து, வெள்ளையரான விண்ணப்பதாரர்களிடம் காட்டச் செய்தார்கள். அப்படி நடத்தப்பட்டவர்களின் நேர்காணல், அன்பாக நடத்தப்பட்டவர்களின் நேர்காணலைவிடத் தெளிவாக மோசமாக அமைந்தது. விண்ணப்பதாரரின் குறை என்று குறிக்கப்படுவதில் ஒரு பகுதி, எதிரில் இருந்தவர் உண்டாக்கியது என்பதே இதன் பொருள். உங்கள் மூன்று தேர்வுகளில் ஏதாவது ஒன்றில் குழுவினர் முகம் கொடுக்காமல் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்களா என்று நினைத்துப் பாருங்கள். அந்த இறுக்கம் உங்களையும் தொற்றியிருக்கும். பலருக்கு அது அவர்கள் வேலைப் பழக்கம் மட்டுமே. உங்களைப் பற்றிய தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அந்தச் சமயத்தில் அவர்கள் முகத்தைப் படிக்க முயல்வதை விட்டுவிட்டுக் கேள்வியின் சொற்களை மட்டும் பற்றிக்கொள்வது ஓரளவுக்குக் காப்பாற்றும்.

தேர்வு செய்யும் இடத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமைப்படுபவர்கள் எல்லாக் குழுக்களிலும் ஒருவராவது இருப்பார்கள். அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2006இல் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் கணக்கிட்டதில், மனிதர்கள் பொய்யையும் உண்மையையும் சரியாகப் பிரித்தது 54 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 சதவீதம் வரும். ஆட்டிசம் உள்ளவர்களைச் சில வினாடிக் காட்சிகளில் பார்த்தவர்கள் அவர்களைக் குறைத்து மதிப்பிட்டதையும், அவர்கள் பேசியதை எழுத்தில் மட்டும் படித்தவர்களிடம் அந்த வேறுபாடு மறைந்ததையும் 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கண்ணைப் பார்க்கவில்லை, குரல் ஏற்ற இறக்கம் இல்லை என்று கழித்துவிடும்போது என்ன இழக்கிறோம் என்பது இதில் தெரிகிறது. திக்குவாய் போன்ற ஒன்று இருந்தால் விண்ணப்பதாரரே தொடக்கத்தில் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவது நல்லது என்பது என் அனுபவம். சொன்ன பிறகு இரு பக்கமும் அதைக் கவனிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

காணொளி நேர்காணலுக்குச் சில தனிச் சிக்கல்கள் உண்டு. திரையில் தெரியும் முகத்தைப் பார்த்தால், கேமரா மேலே இருப்பதால், எதிரில் இருப்பவருக்கு நீங்கள் கீழே பார்ப்பதாகத் தெரியும். பேசும்போது கேமராவையும் கேட்கும்போது திரையையும் பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. பேசும் சாளரத்தைச் சிறிதாக்கிக் கேமராவுக்கு நேர் கீழே நகர்த்திவைத்தால் வேறுபாடு இன்னும் குறையும். உங்கள் முகம் உங்களுக்கே தெரியும் பெட்டியை மறைத்துவிடுங்கள். கவனத்தை முழுவதுமாகத் தன்மேல் இழுக்க அதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஒலி சற்றுத் தாமதமாகப் போவதால், அவர் முடித்துவிட்டார் என்று தோன்றிய பிறகும் ஒரு கணம் பொறுத்துப் பேசினால் குறுக்கிட்டது போல் ஆகாது. பதிவு செய்த பதில்களைக் கணினியே ஆராயும் முறையும் பரவியிருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், அப்படி ஆராய்வதற்கு முன் விண்ணப்பதாரருக்கு அறிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்ற சட்டம் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முகபாவத்தை வைத்து வேலைத்திறனைக் கணிக்கலாம் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை மிகப் பலவீனமானது என்பதால், இயந்திரத்துக்குப் பிடித்த முகம் எது என்று தேடி அலைய வேண்டாம்.

பயிற்சி என்று கேட்டால், கண்ணாடி முன் நின்று செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை; அதுவும் கவனத்தைத் தன்மேல் திருப்புவதுதான். நண்பர் ஒருவரைக் கேள்வி கேட்கச் சொல்லி, கைபேசியை ஓரமாக வைத்து அரைமணி நேரம் பதிவு செய்யுங்கள். முதலில் படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேளுங்கள். பதில் தொடங்குமுன் எத்தனை முறை மூச்சை இழுக்கிறீர்கள், எந்த இடத்தில் குரல் விழுகிறது, முடிந்த பின்னும் எங்கே தொடர்கிறீர்கள் என்பது தெரியும். பிறகு ஒலியை அணைத்துப் படத்தை மட்டும் பாருங்கள். நண்பர் பேசும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள், நீங்கள் பேசும்போது இருப்பதைவிட அதுதான் அதிகம் சொல்லும். அடுத்த பதிலைத் தயாரித்துக்கொண்டிருக்கும் முகத்துக்கும் கேட்டுக்கொண்டிருக்கும் முகத்துக்கும் உள்ள வேறுபாடு யாருக்கும் புலப்படும். கூடவே உங்கள் வேலையில் நடந்த ஆறேழு நிகழ்வுகளை, நீங்கள் செய்தது இது, மற்றவர்கள் செய்தது இது, செய்யத் தவறியது இது என்று பிரித்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பொருள் கைவசம் இருப்பவருக்குத் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

கடைசியாக அந்த மின்னஞ்சலுக்கு வருகிறேன். "மனப்பான்மை பொருந்தவில்லை" என்பது சில சமயம் உண்மையான கவனிப்பு. சில சமயம் முன்பே முடிவான ஆளுக்காக மற்றவர்களைக் கழிக்கப் பயன்படும் வசதியான போர்வை. சில சமயம் சொல்ல வெட்கப்படும் பாகுபாட்டின் வேறு பெயர். ஒரு வரியை வைத்து எது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அந்த மின்னஞ்சலுக்கு, முடிவை மாற்றும்படி கேட்காமல், "எந்தப் பதிலில் அல்லது எந்தச் சந்தர்ப்பத்தில் அப்படித் தோன்றியது என்று ஒன்றைச் சுட்டிக்காட்டினால் அடுத்த முறை திருத்திக்கொள்ள உதவும்" என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். பதில் வராமலே போகலாம். குறிப்பிட்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லிப் பதில் வந்தால், அந்தக் கேள்வியை நண்பரிடம் கொடுத்து அடுத்த பதிவில் கேட்கச் சொல்லுங்கள்.